மூத்தார் கட்டிய வண்டிவீடு

வேனுக்குள் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. கதவை இழுத்து மூடிவிட்டு என் மூத்தார் வெளியே நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து, தகரத்தின் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கேயாவது ஒரு நூல் புகை கசிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பின்பக்க விளக்குக்குக் கீழே லேசாகக் கசிந்தது. "தோ பார்றா, இங்க வுடுது" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு கதவைத் திறந்து, புகையெல்லாம் வெளியேறும்வரை காத்திருந்து, வட்டத்துக்குள் ரப்பர் பசையை அப்பி, காயவிட்டு, மறுபடியும் சாம்பிராணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே கூத்து. எங்கள் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அக்கா மட்டும் தள்ளி, எதிர்வீட்டு வேப்பமரத்தடியில், முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றாள். சாயங்காலம் கடைசித் தடவை, தட்டில் இருந்த சாம்பிராணி எரிந்து தீர்ந்த பிறகும் ஒரு இழை வெளியே வரவில்லை. யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மூத்தார் என்றால் புருஷனின் அண்ணன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை, சொன்னால் சிரிக்கிறார்கள். போன மாதம் என் மகள் ஆபீஸ் ஆட்களோடு நீலகிரிப் பக்கம் போய்விட்டுப் படம் அனுப்பியிருந்தாள். படுக்கை, அடுப்பு, கழுவுகிற தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, மலையில் நிறுத்தி அதிலேயே தங்கினார்களாம். மலையேறுகிறவர்கள் எல்லாரும் இப்போது இப்படித்தான் போகிறார்களாம். "அடுத்த தபா நீயும் வாம்மா, சூப்பரா இருக்கும்" என்றாள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜன்னல் திறக்குமா? அவளுக்குக் காரணம் தெரியும். "தொறக்கும்மா, எல்லாமே தொறக்கும்" என்றாள்.

நான் வாக்கப்பட்டு வந்தது அச்சரப்பாக்கம் பக்கத்துக் குடியானவர் வீட்டுக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் நிலத்தை ஆள் விட்டுப் பார்த்துக்கொண்டு, புதுப்பட்டினத்தில் வீடு எடுத்து ஒன்றாக இருந்தார்கள். மூத்தாருக்குக் கல்பாக்கத்தில் குழாய் பிட்டர் வேலை. என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டினார். என் மாமியார் நான் வந்த அன்றைக்கே சட்டத்தைச் சொல்லிவிட்டார். மூத்தார் எதிரில் உட்காரக் கூடாது. நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் படுத்திருக்கிற அறைக்குள் கால் வைக்கக் கூடாது. எனக்கோ வாய் நீளம். எங்கள் அம்மா வீட்டில் என்னை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற ஒரு மனிதரிடம் மட்டும் ஊமையாக இருக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? மாமியார் செத்துப்போன பிறகும் அந்தச் சட்டம் சாகவில்லை. மூத்தாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் தூணைப் பார்த்து, "தண்ணி கெடைக்குமா" என்பார். நான் சொம்பைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். மகள் பிறந்து பேசப் பழகியதும் அவள் எங்கள் இருவருக்கும் தபால்காரி ஆனாள். "பெரியப்பாவுக்குத் தோச வேணுமான்னு கேளுடி" என்று அவர் காதில் விழும்படியே சொல்வேன். அவரும் அவளிடமே, "ரெண்டு போதும்னு சொல்லு" என்பார். இந்தக் கண்ணராவியைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அக்கா என்று நான் சொல்வது மூத்தாரின் மனைவியை. பிள்ளையில்லை. அந்தக் குறையை முகத்தில் காட்டுகிறவள் இல்லை. என் மகளை வளர்த்தது பாதிக்கு மேல் அவள்தான். அவளுக்கு இருந்த ஒரே சத்துரு இழுப்பு. சின்ன வயதிலிருந்தே இருந்ததாம், கடற்கரை ஊருக்கு வந்த பிறகு முற்றிவிட்டது. இழுப்பு வந்தால் கட்டிலில் படுக்க முடியாது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இழுப்பாள். அந்தச் சத்தம் பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும். மூத்தார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். டாக்டரம்மா மூன்றே மூன்று சொல்லியிருந்தார். தூசி ஆகாது, புகை ஆகாது, பனி ஆகாது. அந்த மூன்றையும் மூத்தார் வேதமாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் விறகடுப்பு போனது, கொசுவர்த்தி போனது, சாமிக்கு ஊதுபத்திகூடக் கிடையாது. அவரும் பீடியை விட்டார்.

மூத்தாருக்கு இருந்த ஒரே பைத்தியம் மலை. வேலை செய்கிற இடத்தில் நாலைந்து பேர் கூட்டாளி. லீவு கிடைத்தால் போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் போய் ஏறிவிட்டு வருவார்கள். கோயில் குளத்துக்காகவும் இல்லை, சும்மா ஏறுவதற்காக. ஊரில் அவர்களை மலைப் பேய் பிடித்தவர்கள் என்பார்கள். திரும்பி வரும்போது அக்காவுக்கு ஏதாவது கொண்டுவருவார். ஒரு கூழாங்கல், கசக்கினால் மணக்கிற ஒரு இலை, பாசி ஒட்டிய பட்டை. "பாத்தியாடி, உங்க மாமா மலைய ஜோபியில போட்டுகினு வந்துட்டாரு" என்பாள் அக்கா. மூத்தார் எனக்கு மாமா முறை. சொல்லிவிட்டு அந்த இலையை முகர்ந்துகொண்டே இருப்பாள். அவளுக்கும் ஒரு தடவை மலையில் போய் உட்கார வேண்டும் என்று ஆசை இருந்தது. கல்யாணமான புதிதில் மூத்தார் அவளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனாராம். லாட்ஜில் கொடுத்த கம்பளி முழுக்க மக்கல் வாடையும் தூசியும். ஒரே ராத்திரியில் இழுப்பு முற்றி, விடிந்ததும் முதல் பஸ்ஸில் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போகவில்லை. போகலாம் என்று யார் கூப்பிட்டாலும், "எனக்கு இன்னாத்துக்கும்மா மல? நான் ஏறாத மேல்மூச்சா?" என்று சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் மூத்தார் ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். செங்கல்பட்டில் பிஸ்கட் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றிய வண்டி. பின்பக்கம் ஜன்னலே இல்லாத தகரக் கூடு. கதவைத் திறந்தால் அப்போதும் பிஸ்கட் வாசனை வந்தது. "லாட்ஜு கீட்ஜு எதுவும் வேணாம். நம்ம வூட்டையே தூக்கிகினு போலாம்" என்றார் அக்காவிடம். துவைத்த மெத்தை, நம் வீட்டுத் தலையணை, நம் தண்ணீர், நம் அடுப்பு. ஒரு பொட்டுத் தூசி கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வண்டியோடு கிடந்தார். தச்சரை வைத்து மரக் கட்டில் அடித்தார், பாத்திரம் வைக்கத் தட்டு அடித்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த தகரத்தை அறுத்து, குனிந்து போகிற அளவுக்கு வழி செய்தார். மீதி எல்லாம் அடைப்பு வேலை. குழாயில் ஒழுக்கு இருக்கக் கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்கிய மனிதர். மூட்டுக்கு மூட்டு ரப்பர் பட்டை, ஆணி ஓட்டைக்கெல்லாம் பசை. தூசியும் பனியும் எந்தப் பொந்து வழியாகவும் நுழையக் கூடாது. கிளட்ச், பிரேக் மிதிக்கிற பலகையைச் சுற்றியிருந்த சந்து ஒன்றை மட்டும் அடைக்க முடியவில்லை, அடைத்தால் மிதி அசையாது. அதைப் பற்றி அவருக்கு ரொம்ப நாள் குறை இருந்தது. "பிஸ்கோத்து டப்பாவுல என்னப் போட்டு மூடப் போறாருடி உங்க மாமா" என்று அக்கா கிண்டல் செய்வாள். அவர் காதில் விழுந்தால் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு இன்னும் மும்முரமாகத் தேய்ப்பார். அவர் அப்படி வெட்கப்பட்டதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ஆவணியில் கிளம்பினோம். அவர்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர். மகளை வழியிலேயே என் அம்மா வீட்டில் விட்டுவிட்டோம். சேலம் தாண்டி மலைப்பாதையில் முன்னால் போன லாரிகளின் டீசல் புகை அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வளைவுக்கு வளைவு உறிஞ்சுகிற மருந்தை எடுத்தாள். ஏற்காட்டையும் தாண்டி, காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினோம். வண்டிக் கூரையிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே சமையல். முதல் ராத்திரி பெண்கள் இரண்டு பேரும் வண்டிக்குள், ஆண்கள் தார்ப்பாயின் கீழே. அதனால் என் சட்டத்துக்குப் பங்கமில்லை. அக்கா உட்கார்ந்தபடியே தூங்கினாள். நான் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன், எனக்குப் புழுங்கியது.

மறுநாள் காலையில் மூத்தாரும் என் வீட்டுக்காரரும் எதிரே தெரிந்த குன்றில் ஏறப் போனார்கள். மூத்தாருக்கு அந்தக் குன்றைப் பார்த்ததிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. நானும் அக்காவும் ஒரு பாறை மேல் போய் உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தாக்கு, மேகம் நமக்குக் கீழே போகிறது. எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. அக்காவும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் நெஞ்சில் அந்தச் சத்தம் நிற்கவில்லை. மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னாள்: "நல்லாத்தான் கீது... ஆனா நம்மூரு... கடக்காத்தே தேவலாம்டி. இங்க... நெஞ்சு அடைக்குது." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அவருகிட்ட சொல்லிடாத. பாவம்... எவ்ளோ ஆசையா கட்டிகினு வந்திருக்காரு." குன்றின் உச்சியிலிருந்து மூத்தார் துண்டை வீசிக் காட்டினார். அக்கா எழுந்து நின்று, மூச்சிரைக்க, இரண்டு கையையும் ஆட்டினாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை மாதிரி கொட்டி ஓய்கிற மழை இல்லை. குளிரை வீசிக்கொண்டு சாய்வாக அடித்தது. ஆண்கள் தெப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். அக்காவின் உதடு நீலம் பூத்து, உடம்பு நடுங்கியது, இழுப்பும் கூடியது. மூத்தார் ஆடிப்போனார். இருந்த போர்வையெல்லாம் போர்த்தியும் சூடு வரவில்லை. அந்த நேரத்தில் தோட்டத்துக் காவல்காரர் வந்தார். எங்கள் நிலைமையைப் பார்த்துவிட்டு, ஓட்டைச் சட்டி ஒன்றில் கரி நெருப்பு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க குடிசையில ராவும் பகலும் இதுதானுங்க. பக்கத்துல வெச்சுக்கிட்டாப் போதும், குளுரு ஓடிப்போயிருங்க" என்றார். மனசாரச் செய்த உபகாரம். அவருடைய குடிசையைப் பிறகு பார்த்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற சந்து, புகையும் காற்றும் தன் பாட்டுக்குப் போய் வருகிற வீடு.

மூத்தார் சட்டியை உடனே உள்ளே கொண்டுபோகவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை! "பொகதான் அவளுக்கு ஆகாது. பொக அடங்கட்டும்" என்று தார்ப்பாயின் கீழே சட்டியை வைத்துக் குந்தி உட்கார்ந்து, ஒரு தட்டால் விசிறினார். புகைகிற துண்டுகளைக் குச்சியால் பொறுக்கி வெளியே எறிந்தார். கரி முழுக்கச் சிவந்து கண்ணாடி மாதிரி ஆகும்வரை விசிறினார். பிறகு முகத்தைச் சட்டிக்கு மேலே கொண்டுபோய் ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. வெள்ளைத் துண்டைக் கொஞ்ச நேரம் மேலே பிடித்துப் பார்த்தார், கறை படியவில்லை. "தோ பாரு, துளி பொக இல்ல" என்று தம்பியிடம் காட்டினார். இத்தனை வருஷம் புகைக்குப் பயந்து பயந்து வாழ்ந்த வீடு எங்களுடையது. புகை இல்லை என்றால் பயம் இல்லை என்றுதான் எங்கள் நால்வருக்கும் தோன்றியது. சட்டியை அக்காவின் காலடியில் வைத்து, சாரல் அடிக்காமல் கதவை இழுத்துக் கொக்கி போட்டார். அவரும் ஈரத் துணியை மாற்றிக்கொண்டு முன் சீட்டில் காலை முடக்கிப் படுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் காவல்காரரோடு பால் வாங்கப் போனார். நான் தார்ப்பாயின் கீழே, ஸ்டவ்வில் கஞ்சிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அக்கா தகரத்தைத் தட்டினாள். "இன்னாத்துக்குடி நனைஞ்சிகினு கீற? உள்ள வா."

"மாமா படுத்துகினு கீறாரு. நான் எப்பிடிக்கா வர்றது?"

"அவரு குறட்ட வுட்டாச்சி. கண்ண மூடிகினு கெடக்கிறவருக்கு இன்னாடி மரியாத?"

"போக்கா, எனக்கு வேல கீது" என்றேன். அக்கா சிரித்தது கேட்டது. இழுப்பு இல்லாத சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே மறுபடி பேசினாள். "ஏய், இழுப்பே இல்லடி. நெஞ்சு லேசா கீது. இப்பதான்டி நல்லா மூச்சு வருது." பிறகு கொட்டாவி விட்டாள். "தூக்கம் தூக்கமா வருது. கஞ்சி ஆனதும் எழுப்பு" என்றாள். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூத்தார் எழுந்ததும் முதல் வேலையாக, என் வீட்டுக்காரர் மூலமாக, இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கஞ்சியைக் கிளறினேன்.

என் வீட்டுக்காரர் பாலோடு வந்து, "அண்ணா" என்று கதவைத் தட்டினார். பதில் இல்லை. இன்னொரு தடவை தட்டினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு கையாலும் தட்டினோம். அப்போது நான் "மாமா! அக்கா!" என்று கத்தினேன். அது பேச்சில் சேராது, வெறும் கூச்சல். என் வீட்டுக்காரர் ஜாக்கி ராடை எடுத்து டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை உடைத்தார். மூத்தார் முன் சீட்டிலிருந்து சரிந்து, முகம் மிதிப் பலகையில் படக் கிடந்தார். வாயெல்லாம் வாந்தி, ஆனால் மூச்சு இருந்தது. அவரால் அடைக்க முடியாமல் போன அந்தச் சந்து அவரைக் காப்பாற்றியது. பின்னால் அக்கா போர்வைக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இத்தனை வருஷம் வெளிறிக் கிடந்த முகத்தில் நல்ல சிவப்பு ஏறியிருந்தது. உடம்பு தேறிவிட்டது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். தொட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்த மேட்டிலிருந்து இறங்குவதற்கு எங்களிடம் வேறு வண்டி இல்லை. அதே வேனில்தான் அவளையும் இறக்கினோம். கதவைத் திறந்தபடியே கயிற்றால் கட்டி, மழை உள்ளே அடிக்க அடிக்க, நான் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூத்தார் முன்னால் அரை நினைவில் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். வளைவு ஒன்றில் வண்டி நின்றபோது, அக்கா கடைசியாகச் சொன்னதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்னதை மட்டும் சொன்னேன். எப்போது சொன்னாள் என்று அவரும் கேட்கவில்லை. சேலத்தில் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். கரி எரியும்போது வருகிற ஒரு வாயுவாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அடைத்த இடத்தில் ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடுமாம். போலீஸ் விசாரித்து, எழுதிக்கொண்டு, உடலைக் கொடுத்தார்கள்.

ஊரில் யார் நம்பினார்கள்? பிள்ளையில்லாத பெண்டாட்டி, ஆள் அரவமில்லாத மலை, புருஷன் கையால் அடைத்த வண்டி. அக்காவின் அண்ணன் பிணத்தின் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். "பொகையே இல்லாத நெருப்புல செத்துட்டாளாம்! யாருகிட்ட கத வுடுறீங்க? ரெண்டு பேரு ஒண்ணா கெடந்தா ஒருத்தி மட்டும் எப்பிடிய்யா சாவா?" என்றார். மூத்தார் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்வார் போல இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. மூத்தார் இருக்கிற சபையில் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்தே போனது. "நான் வெளிய ஒக்காந்துகினு இருந்தேன்யா! பொக இருந்திருந்தா எங்கக்கா இருமியிருப்பா. இருமியிருந்தா கதவத் தொறந்திருப்போம். பொக இல்லாததாலதான்யா செத்தா!" என்று கத்திவிட்டு அழுதேன். அக்காவின் அம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய மகன் அதற்குப் பிறகு பேசவில்லை.

உள்ளே போகாததால்தான் நான் பிழைத்தேன் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மாமியார் சட்டம் காப்பாற்றியது என்று ஒரு கிழவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நன்றி சொல்ல வேண்டுமாம். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. நான் உள்ளே போயிருந்தால், முந்தின ராத்திரி மாதிரி புழுங்குகிறது என்று கதவைக் கொஞ்சம் திறந்திருப்பேன். யார் கண்டது, நானும் தூங்கிப் போயிருப்பேனோ என்னவோ.

போலீஸிடமிருந்து வேன் திரும்பி வந்ததும் மூத்தார் அதன் முன்னால் உட்கார்ந்து, அவர் ஒட்டிய ரப்பர் பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தார். கருவி எதுவும் எடுக்கவில்லை, நகத்தால் உரித்தார். விரல் நுனியெல்லாம் புண்ணாகி, என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. பிறகு பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை எடுத்துப்போனார். கூட்டாளிகள் மலைக்குக் கூப்பிட வருவார்கள், எழுந்து உள்ளே போய்விடுவார். கடைத்தெருவில் ஒரு இஸ்திரிக்காரர், மழை வந்தால் கரிப்பெட்டியோடு கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொள்வார். மூத்தார் நனைந்துகொண்டே போய் அந்த ஷட்டரைத் தூக்கிவிடுவார். "யோவ், துணியெல்லாம் நனையுதுய்யா, பேஜாரு பண்ணாத" என்று அவர் திட்டுவார். இவர் ஷட்டரைப் பிடித்தபடியே மழை விடும்வரை நிற்பார். பைத்தியம் முற்றிவிட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் வேலையையும் விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். நிலத்து ஓரத்தில் மோட்டார் கொட்டகையில் தனியாக இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, அக்காவின் திதிக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் படையலுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, இலையில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்து போவார். யாரிடமும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டாயிரம் பிறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷத் திதிக்கு வந்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார். என் வீட்டுக்காரர் தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். மூத்தார் அக்காவின் படத்துக்கு முன்னால் இலை எதிரே உட்கார்ந்திருந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போக அந்த வீட்டில் யாருமே இல்லை. "பாப்பா இல்லியா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நான் யாரிடம் பதில் சொல்வது? சும்மா நின்றேன். முகத்தைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார்.

"உன்னத்தாம்மா கேக்கறேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு நல்லா வருதுன்னு அவ உங்கிட்ட சொன்னாளாமே. தம்பி சொன்னான். எப்பம்மா சொன்னா? நெருப்புச் சட்டி வெக்கறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவரே மெதுவாக விளக்கினார். "டாக்டருங்க நாலு பேர கேட்டுட்டேன். அந்த வாயு ஏறும்போது மொதல்ல தலை கிறுகிறுன்னு லேசாயிடுமாம். சில பேருக்கு நோவு தெரியாதாம், நல்லா கீற மாதிரியே இருக்குமாம். அப்பறமா சொல்லியிருந்தா, அது அந்த விஷம்மா. முன்னாடி சொல்லியிருந்தா..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இத்தனை வருஷம் மோட்டார் கொட்டகையில் தனியாகப் படுத்துக்கொண்டு இந்த மனிதர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வண்டி அவளுக்கு ஒரே ஒரு நல்ல மூச்சாவது கொடுத்ததா, இல்லையா.

கதவை விட்டு வெளியே வந்தேன். அவருக்கு எதிரே, தரையில், உட்கார்ந்தேன்.

"முன்னாடிதான் மாமா" என்றேன். "காலையில நீங்க மல ஏறப் போனீங்களே, அப்ப. பாற மேல ஒக்காந்துகினு சொன்னாங்க. உங்களப் பாத்துக் கையாட்டினாங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. இந்தக் காத்துல எனக்கு இழுப்பே இல்லடி, இப்பதான் நல்லா மூச்சு வருதுன்னாங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை.

"அப்ப அது மலக் காத்துதான்."

"மலக் காத்துதான் மாமா."

தலையை ஆட்டினார். பிறகு குனிந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். வைத்ததை எல்லாம் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். மறுவருஷத் திதிக்கு அவர் இல்லை. அவரோடு நான் நேருக்கு நேர் பேசியது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். பேசிய அத்தனையும் பொய்.